உயிரறிவும் பிறர் சொல்லும்

சைவசித்தாந்த நூல்களைப் பயில்வோர் அரசகுமாரன் உவமையை அறியாதிரார். அரசன் ஒருவனுடைய மகன் குழந்தைப் பருவத்தே வேடர் கையிற்பட்டு, அவரிடையே வளர்ந்து, தன்னையும் ஒரு வேடனென்றே எண்ணி வாழ்கின்றான். பின்னொரு நாள் தந்தை அவன்பால் வந்து, அவன் வேடனல்லன், தன் மகனே என்பதனை உணர்த்துகின்றான். அவ்வளவில் அவன் வேடரை விட்டு நீங்கித் தந்தையோடு சேர்கின்றான். மெய்கண்டதேவர் சிவஞானபோதத்தின் எட்டாஞ் சூத்திரத்திற் சுருங்கக் குறித்த இவ்வுவமையை உரைகாரர் விரித்துரைத்தனர். குமாரன் உயிர், வேடர் ஐம்புலன்கள், அரசன் குருவடிவாய் எழுந்தருளும் முதல்வன்.

சில மாதங்களுக்கு முன் ஞாயிற்றுக்கிழமை வகுப்பொன்றில் இவ்வுவமையை யான் விளக்கிக்கொண்டிருந்தேன். கல்லூரியிற் சமூகவியல் பயிலும் மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, அரசன் தன் மகனிடத்துப் பேசியது எம்மொழியில்? அம்மொழியை அவனுக்குக் கற்பித்தவர் அவ்வேடரல்லரோ? அவர் கற்பித்திராவிடின் அரசன் சொல் அவன் செவியில் வெற்றோசையாய்த்தானே போயிருக்கும்? அங்ஙனமிருக்க, அவரைப் பகைவரென்று ஒதுக்குதல் முறையாகுமோ?" என்று வினவினாள். நாற்பதாண்டுகளாக இவ்வுவமையை எடுத்துரைத்துவந்த எனக்கு இவ்வினா ஒருநாளும் தோன்றியதன்று. அடுத்த வாரம் விடை கூறுவேன் என்று சொல்லி அன்று தப்பினேன். அடுத்த வாரத்துள் விடை முற்றவில்லை. இதுகாறும் எண்ணியதனை ஈண்டு எழுதுகின்றேன்.

அம்மாணவி தன் வினாவிற்கு அடிப்படையாக ஓர் ஆசிரியரைக் குறித்தாள். அமெரிக்க நாட்டுச் சிகாகோப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்த ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட் (1863–1931) என்பார் அவர். அவர் மறைந்தபின், மாணாக்கர் எழுதிவைத்த குறிப்புக்களைக் கொண்டு, மனமும் தானும் சமுதாயமும் பற்றிய அவர்தம் விரிவுரைகள் 1934-ல் நூலாக வெளிவந்தன. 'நான்' என்னும் உணர்வு பிறக்கும்போதே முற்றி வருவதன்று. மக்களோடு கலந்து பழகும் பழக்கத்தில் அது உருவாகின்றது என்பது அவர் கொள்கை.

அதற்கு அவர் காட்டும் சான்று குழந்தையின் விளையாட்டேயாம். குழந்தை முதலில் தாயாகவும் ஆசிரியராகவும் தன்னைப் பாவித்து விளையாடும். நம் வீட்டுச் சிறுமியர் மரப்பாச்சிக்குச் சோறூட்டி, "ஏன் அழுகிறாய்?" என்று தாயின் குரலிற் கடிவதை யாவரும் கண்டிருப்போம். கடிகின்றவளும் அவளே, கடியப்படுகின்றவளாய்த் தன்னை வைத்துப் பார்ப்பவளும் அவளே. பின்னர்ப் பலர் கூடியாடும் பந்தாட்டம் போன்றவற்றுள் ஒவ்வொருவனும் தன் செயலை மட்டுமன்றி, ஏனையோர் தன்னிடத்து எதிர்பார்ப்பதனையும் ஒருங்கே உணர்ந்து ஆடவேண்டும். இவ்வாறு பிறர் நின்ற இடத்தில் நின்று தன்னைத் திரும்பிப் பார்க்கக் கற்றபோதே 'நான்' என்பது தோன்றுகின்றது என்று மீட் கருதினார். சார்லஸ் ஹார்ட்டன் கூலி என்னும் அந்நாட்டறிஞர் அவருக்கு முன்னரே, 1902-ல் வெளியிட்ட நூலொன்றில், பிறர் நம்மை எவ்வாறு கருதுகின்றனர் என்று நாம் எண்ணுகின்றோமோ அவ்வெண்ணமே நமக்குக் கண்ணாடியாகின்றது என்னும் கருத்தை விளக்கினார்.

இனி, இக்கொள்கை நம் சித்தாந்தத்தோடு எவ்வளவு பொருந்தும், எவ்விடத்து மாறுபடும் என்பதனை ஆராய்வாம். "இஃதெல்லாம் நம் முன்னோர் அன்றே கூறியது" என்று சொல்லி மகிழ்ந்து அமைதல் எளிது, அஃது ஆராய்ச்சியாகாது. ஆகலின் முதற்கண் உலகறிந்த நிகழ்ச்சியொன்றை எடுத்துக்கொள்வோம்.

ஹெலன் கெல்லர் அம்மையார் அமெரிக்க நாட்டின் அலபாமா மாநிலத்தில் 1880-ம் ஆண்டு பிறந்தார். பத்தொன்பதாந் திங்களில் உற்ற நோயாற் கண்ணும் செவியும் ஒருங்கே இழந்தார். பசி முதலியவற்றைக் குறிக்கச் சில சைகைகளைத் தாமே அமைத்துக்கொண்டாரெனினும், சொல் என்பதனை அவர் அறியார். 1887-ம் ஆண்டு மார்ச்சு 3-ம் நாள் ஆன் சல்லிவன் என்னும் ஆசிரியை அவ்வீடு வந்து சேர்ந்தார். பொம்மையைக் கையிற் கொடுத்து, அதன் பெயரெழுத்துக்களை விரற்குறிகளாற் சிறுமியின் உள்ளங்கையில் எழுதிக்காட்டினார். சிறுமி அக்குறிகளைத் திருப்பிச் செய்தார். ஆயினும் அவை ஒரு பொருளின் பெயர் என்பதனை உணர்ந்தாரல்லர். ஒரு திங்கள் இவ்வாறே கழிந்தது. ஏப்ரல் 5-ம் நாள் ஆசிரியை சிறுமியை நீரிறைக்கும் குழாயடிக்கு அழைத்துச்சென்று, ஒரு கையில் நீர் விழச்செய்து, மற்றொரு கையில் நீர் என்னும் சொல்லை எழுதினார். அக்கணத்தில் சிறுமி விழித்துக்கொண்டார். தொட்ட பொருள்கட்கெல்லாம் பெயர் கேட்டுச் சில மணி நேரத்துள் முப்பது சொற்கள் கற்றார். இடையே ஆசிரியைபாற் சட்டெனத் திரும்பி, அவர் பெயர் யாதென வினவினார். ஆசிரியை தம் இயற்பெயரைக் கூறாது, ஆசிரியர் என்னும் சொல்லையே அக்கையில் எழுதினார்.

இன்னுமொன்று நாம் கருதத்தக்கது. அன்று காலையிற் சிறுமி சினங்கொண்டு பொம்மையொன்றை உடைத்தெறிந்திருந்தார். அப்பொழுது அவருக்கு வருத்தம் சிறிதும் உண்டாகவில்லை. குழாயடியினின்று வீடு திரும்பியவுடன் அப்பொம்மை நினைவுக்கு வர, துண்டுகளைத் தடவியெடுத்து ஒட்டவைக்க முயன்று, இயலாமையாற் கண்ணீர் சொரிந்தார். வாழ்வில் முதன்முறையாகத் தாம் செய்ததற்கு இரங்கியது அன்றே என்பது, 1903-ல் வெளிவந்த தம் வரலாற்றில் அவ்வம்மையாரே எழுதியுள்ள செய்தி. சொல் விளங்கிய நாளிலேயே, 'இது யான் செய்தேன்' என்னும் இரக்கமும் விளங்கிற்று. ஆசிரியை வருமுன் தாம் ஒருத்தி உளள் என்பதனையே தாம் அறிந்திலர் என்றும் பிறிதொரு நூலில் அவர் கூறியுள்ளார்.

இந்நிகழ்ச்சியைச் சித்தாந்தக் கண்கொண்டு நோக்குவாம். உயிருக்கு மூன்று அவத்தைகள் கூறப்படும். ஆணவ இருளில் அழுந்தித் தன்னையும் பிறவற்றையும் அறியாது கிடப்பது கேவலம். உடலும் கருவிகளும் பெற்று ஒரோவழி அறிந்து வருவது சகலம். மலநீங்கித் திருவருளோடு கூடி நிற்பது சுத்தம். ஹெலன் அம்மையார் உடலும் மனமும் உடையராகலின், அவர் முன்பிருந்த நிலை கேவலமேயாம் என்று கூறுதல் பொருந்தாது. எனினும், கேவலம் எத்தகையது என்பதனை ஒருவாறு உணர்தற்கு அந்நிலை உவமையாம். கையிற் பட்ட தண்மை ஏதோ ஒன்றெனப் பெயரின்றி உணரப்பட்டது நிருவிகற்பக் காட்சிபோல்வது. அதுவே பெயர், சாதி, குணம் முதலியவற்றோடு இன்னதென அறியப்பட்டது சவிகற்பக் காட்சி. சவிகற்ப உணர்வு நிகழ்தற்கு வாக்கின் துணை வேண்டுமென்று நம் நூல்கள் வரையறுத்தன. அவ்வாக்கோ பிறர் வாய்வழியன்றி நமக்கு எய்துவதில்லை. தாயின் மடியிலிருந்து தமிழ் கேளாத எவனும் தமிழில் எண்ணுதல் இயலாது.

அற்றேல், 'நான்' என்பது சமுதாயத்தால் ஆக்கப்படுவதென்னும் மீட் கொள்கையை நாமும் உடன்படவேண்டுமன்றோவெனின், ஈண்டு ஒரு பாகுபாடு வேண்டப்படும். மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் நான்கும் மாயையின் காரியமாகிய கருவிகளேயன்றி உயிரல்ல என்பது நம் சித்தாந்தம். 'நான் இன்னான், இன்ன ஊரான், இன்ன தொழிலான்' என்றெழும் எழுச்சி அகங்காரத்தின் தொழில். பிறர் பார்வையிலும் பிறர் சொல்லிலும் வளர்வதாக மீட் காட்டிய 'தான்' பெரும்பாலும் இவ்வகங்காரத்தின்கண் நிறையும் செய்திகளேயாம். அவை பிறரால் வந்தன என்பதில் நமக்குத் தடையில்லை. கருவி வளர்ந்ததென்று கூறின் உயிர் பிறந்ததென்று கூறியதாகாது.

மீட் தாமும் இவ்விடத்து ஒரு வேறுபாடு கண்டார். தமிழிலக்கணங் கற்றார்க்கு அஃது எளிதில் விளங்கும். பிறர் நோக்கிற் பொருளாய் நிற்பது 'என்னை' என்னும் செயப்படுபொருள். அதனை எதிரேற்று மறுமொழி தருவது 'நான்' என்னும் எழுவாய். இவ்வெழுவாயை அது செயற்படும் அக்கணத்திலேயே பிடித்தல் இயலாது. பிடிக்கப் புகுங்கால் அது கடந்தகால நினைவாய்ச் செயப்படுபொருளாகிவிடும் என்றார். இவ்வாற்றால் அவர் உயிரென்னும் முப்பொருளுள் ஒன்றை உடன்பட்டார் என்று கூறுதல் அவர்க்குச் செய்யும் நேர்மையாகாது. அஃது அவர் கருத்தன்று. ஆனால், காணப்படுவனவெல்லாம் கழிந்தபின்னும் காண்பான் எஞ்சிநிற்கின்றான் என்பதனை அவர்தம் ஆராய்ச்சியும் விலக்கவில்லை என்ற அளவே நாம் கொள்ளத்தக்கது.

உயிர் ஆக்கப்படுவதன்று, விளக்கப்படுவதே என்பதற்கு அச்சிறுமியின் வரலாற்றிலேயே இரண்டு குறிப்புக்கள் உள. ஒன்று: ஆசிரியை வந்த சின்னாட்களில் அச்சிறுமி, தாம் கற்ற பொம்மை என்னும் சொல்லின் விரற்குறிகளை, வீட்டிலிருந்த பெல் என்னும் நாயின் பாதத்தில் எழுதிக்காட்டினார் என்று ஆசிரியை தம் கடிதத்திற் குறித்தார். குறி ஒன்றே, கற்பிக்கும் விருப்பமும் இருந்தது. ஆயினும் நாயினிடத்துச் சொல் விளங்கவில்லை. நாய்க்கு உயிரில்லை என்பது கருத்தன்று. அவ்வுயிர்க்கு அப்பிறவியில் அதற்கேற்ற கருவி வாய்க்கவில்லை. மற்றொன்று: குழாயடியில் எழுதிய கையும் எழுத்தும் ஒரு திங்களாய்ப் பழகியனவே. முப்பது நாள் விளங்காதது அன்று விளங்கிற்று. சொல் ஒளியாயின், அதனைக் காண்பதற்குரிய கண் முன்னமே உளதாதல் வேண்டும். கண்ணில் ஒளி கலந்து காட்டுதற்குரிய காலமும் வரவேண்டும். காட்டக் காண்பதாகிய உயிரின் இயல்பு இதுவே. காட்டுவாரின்றி அது காணாது. காணும் இயல்பு காட்டுவாரால் உண்டாக்கப்பட்டதுமன்று.

இனி, மாணவியின் வினாவிற்கு வருவோம். உயிர் சார்ந்ததன் வண்ணமாவது. பளிங்கு தன்னை அடுத்த நிறத்தைக் காட்டுதல்போல, அது வேடரைச் சார்ந்து வேடனாய் நின்றது. அச்சார்பு அவனுக்குத் தன்னை மறைத்தது, இது மெய். ஆனால் அச்சார்பே அவனுக்கு நடையும் உணவும் மொழியும் தந்தது, இதுவும் மெய். அரசன் வந்து பேசியபோது வேடர் தந்த மொழியிலேயே பேசினான். வேடரிடத்துக் கற்ற செவிகொண்டே மகன் அதனைக் கேட்டான். நம் நூல்கள் இதனை வேறொரு முகத்தாற் கூறுகின்றன. இறைவன் உயிர்க்கு உடலையும் கருவிகளையும் உலகத்தையும் கூட்டி, தன்னை மறைத்துநின்று அவற்றின்வழி உயிரைப் பக்குவப்படுத்துகின்றான். அம்மறைத்தலும் ஐந்தொழிலுள் ஒன்று, அருளேயாம். மாயாகாரியங்கள் பொழுது புலருமளவும் இருளில் ஏற்றிய விளக்குப்போல உதவுவன என்பதும் சித்தாந்தத் துணிபு. ஆகவே வேடர் பகைவரும் ஆவர், செவிலியரும் ஆவர். அவரை நீங்குதல் வேண்டும். அவர் தந்ததனைக்கொண்டே நீங்குதல் வேண்டும்.

வேடரும் இல்லாது வளர்ந்தால் என்னாம்? ஐரோப்பாவிலுள்ள ருமேனிய நாட்டில் 1989-ல் ஆட்சி கவிழ்ந்தபோது, அரசாங்கக் குழந்தைகள் இல்லங்களின் நிலையை உலகம் கண்டது. ஆங்குக் குழந்தைகட்கு உணவும் உடையும் படுக்கையும் கிடைத்த இல்லங்களிலும், எடுத்தணைத்துப் பேசுவாரும், அழுதபோது முகம் நோக்குவாரும் போதிய அளவில் இல்லை. 2000-க்குப்பின் புக்காரெஸ்ட்டு நகரில் ஆராய்ச்சியாளர் 136 குழந்தைகளைத் தேர்ந்து, திருவுளச்சீட்டு முறையாற் பாதிப்பேரைக் குடும்பங்களில் வளர்க்கச்செய்து, நெடுங்காலம் தொடர்ந்து நோக்கினர். குடும்பத்தில் வளர்ந்தோர் அறிவிலும் அன்புப் பிணைப்பிலும் தேறினர்; அவருள்ளும் ஏறத்தாழ இரண்டு வயதுக்குள் குடும்பஞ் சேர்ந்தவர் மிகுதியும் தேறினர். ஏனையோர் பின்தங்கினர். அவர்களும் நம்மைப்போன்ற உயிர்களே. ஆயின், அவர்களுக்கு வேடர்தாமும் வாய்க்கவில்லை. முகம் நோக்குவார் இன்றேல் உள்ளிருக்கும் அறிவு வெளிப்பட வாயிலில்லை.

இவ்வளவும் எழுதியபின், எழுதாது விடவே விரும்பிய ஒன்றையும் எழுதவேண்டியவனாகின்றேன். ஏறத்தாழ முப்பதாண்டுகட்கு முன் ஒரு பள்ளியில் யான் தமிழாசிரியனாக இருந்தேன். செய்யுளை ஒப்பிக்க எழுப்பினால் நாக்குழறி நிற்கும் மாணவன் ஒருவன் என் வகுப்பிலிருந்தான். ஒருநாள் யான் அவனை எல்லார் முன்னிலையிலும் 'மந்தன்' என்று கூறினேன். பிள்ளைகள் சிரித்தனர், அன்றுமுதல் அவர்கள் நாவில் அதுவே அவன் பெயராயிற்று. அவன் தந்தையார் வந்து கவலையோடு வினவியபோது, "அவன் வினை அவ்வளவு, நாம் என் செய்வது?" என்று சித்தாந்தம் பேசி அனுப்பினேன். அடுத்த ஆண்டு அவன் பள்ளியை விட்டு நின்றான்.

இரண்டாண்டுகட்கு முன் அவரை ஒரு மளிகைக்கடையிற் கண்டேன். கடை அவருடையதே. அறுபது வாடிக்கையாளருடைய பற்றுவரவை ஏடு பாராது கூறினார். என்னை இருக்கையில் அமர்த்தி, "ஐயா, எனக்குப் படிப்பு ஏறாதென்று முதலிற் கண்டு சொன்னவர்கள் தாங்கள்தாம். இல்லாவிட்டால் வீணாகச் சில ஆண்டுகள் போயிருக்கும்" என்றார். குற்றஞ்சாட்டவில்லை, நன்றியே கூறினார். அதுதான் என்னைச் சுட்டது. பக்கத்திற் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்த தம் மகனைக் காட்டி, "இவனும் என்னைப்போலத்தான் ஐயா, மந்தம்" என்றார். அச்சிறுவன் தலைகுனிந்து பொட்டலம் மடித்தான். மேடைதோறும் அரசகுமாரன் கதை சொல்லிவந்த யான், அக்குடும்பத்திற்கு வேடனாய் இருந்தேன் என்பதனை அன்று உணர்ந்தேன். "அச்சொல் பிழை, அறியாது கூறினேன்" என்று அங்கேயே சொன்னேன். அவர் என் பணிவைப் புகழ்ந்தார், நம்பவில்லை. ஒரு சொல்லால் முப்பதாண்டு வளர்ந்தது ஒரு சொல்லால் அழிவதில்லை.

இங்கு ஒரு தடை எழும். அவனவன் இன்ப துன்பம் அவனவன் வினைப்பயனன்றோ? யான் கூறாவிடினும் வேறொருவர் கூறியிருப்பரன்றோ? வினை உண்டு என்பதனை மறுப்பார் சைவராகார். ஆனால் வினை சடம். தானே வந்து பொருந்தாது. அதனை அளந்து ஊட்டுவிப்பவன் இறைவன் ஒருவனே. பிறருடைய வினையை அளக்கும் கோலும், ஊட்டும் அதிகாரமும் நமக்கு எவரும் தந்திலர். பிறன் ஒருவனுக்குத் துன்பத்தின் வாயிலாக நாம் நின்றோமாயின், அத்துன்பம் அவனுக்குப் பழவினையின் பயனாயினும், நமக்கு அது புதுவினையாகிய ஆகாமியமே. வினைக்கொள்கை என்னைத் திருத்தற்கு வந்த விளக்கு. பிறனை அளத்தற்கு அதனைக் கொள்ளுதல் விளக்கைக்கொண்டு வீட்டைக் கொளுத்துவதாகும். ஒரு பிள்ளையின் முன் நிற்கும் பெற்றோரும் ஆசிரியரும், 'இவன் வினை யாது?' என்று வினவுதல் வேண்டா. 'இவன் கேட்கும் என் சொல் யாது?' என்று வினவுதல் வேண்டும்.

சிவஞானபோதத்தின் முடிந்த சூத்திரமாகிய பன்னிரண்டாவது, மலங்கழுவிய மெய்யுணர்ந்தோர்க்கும் அடியாரோடு கூடுதலை விதிக்கின்றது. அன்பிலாதவரோடு கூடின் மறப்பு நேரும் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். கருவிகளை வென்று திருவடி உணர்ந்தவர்க்கே சார்பு வேண்டுமாயின், வளரும் பிள்ளைக்கும் தளர்ந்த மனத்தார்க்கும் அது வேண்டுமென்பது சொல்லாமே விளங்கும். தருமசேனராய் அயல்நெறி நின்ற திருநாவுக்கரசரை மீட்டதற்கும் முதலில் வாயிலாயிருந்தது திருவதிகையிற் காத்திருந்த தமக்கையார் திலகவதியாரின் அன்பே. அவர் தம்பியை இன்னானென்று முடிவுகட்டி விட்டொழித்தாரல்லர்.

மாணவிக்கு யான் கூறும் விடை இது. வேடர் மறைத்ததும் மெய். மொழி தந்ததும் மெய். நாம் ஒவ்வொருவரும் ஒரோவழி வேடராயும் ஒரோவழி அரசனின் தூதராயும் பிறர்முன் நிற்கின்றோம். நம் சொல் கேட்டு வளர்வான் ஓர் அரசகுமாரன் என்பதனை மறவாதிருத்தலே நம்மால் இயல்வது.

அம்மளிகைக்கடைச் சிறுவன் இப்பொழுது ஞாயிற்றுக்கிழமைதோறும் என் வகுப்பிற்கு வருகின்றான். அவனும் ஒப்பிக்கையில் நாக்குழறுகின்றான். முடிக்குமளவும் காத்திருக்கின்றேன், அவனுக்குப் பெயரொன்றும் இடவில்லை.

திருச்சிற்றம்பலம்.